பழைய காரில் வெப்பக்காற்று விசிறியின் வேகக் கட்டுப்பாடு: பழுதறிதலும் சீர்செய்தலும்

லடாக், லாஹௌல், காஷ்மீர், சிக்கிம் முதலிய மலைப்பகுதிகளில் குளிர்காலத்தில் களப்பணிக்குச் செல்வோர்க்கு, காருக்குள் வெப்பக்காற்றைச் செலுத்தும் விசிறி ஓர் ஆடம்பரப் பொருள் அன்று. அது நின்றுவிட்டால் உள்ளே இருப்போர் குளிரால் வருந்துவர் என்பது மட்டுமன்று. மூச்சிலுள்ள ஈரம் முன் கண்ணாடியின் உட்புறத்தில் படிந்து, சில நிமிடங்களில் சாலையே கண்ணுக்கு மறைந்துவிடும். ஒருபுறம் மலையும் மறுபுறம் பள்ளமும் உள்ள சாலையில் இதன் விளைவு யாதென விளக்க வேண்டுவதில்லை. சமவெளியிலும் பருவமழைக் காலத்தில் கண்ணாடியைத் தெளிவாக வைத்திருப்பது இதே விசிறிதான்.

பல ஆண்டுகள் உழைத்த கார்களில் இவ்விசிறி முற்றிலும் நின்றுபோவதைவிட, அதன் வேகக் கட்டுப்பாடு கெடுவதையே மிகுதியாகக் காண்கிறோம். சிறு வேகங்கள் மறைந்து முழு வேகம் மட்டும் எஞ்சும். அல்லது விசிறி தன் விருப்பம்போல் ஓடியும் நின்றும் வரும். பணிமனையில் பெரும்பாலும் எரிந்துபோன ஒரு சிறு உறுப்பை மாற்றிக் கொடுத்துவிடுவர். சில மாதங்களில் புதிய உறுப்பும் எரிந்துவிடும். எரிந்த உறுப்பை மாற்றுவது பழுதுபார்த்தலில் ஒரு பாதியே. அது ஏன் எரிந்தது எனக் கண்டறிவதே மறுபாதி. மின்னோட்டத்தைப் பற்றிய இரண்டு எளிய விதிகளும் ஒரு சாதாரண மல்ட்டிமீட்டரும் இருப்பின், இம்மறுபாதியையும் செம்மையாக முடிக்கலாம். அதற்குரிய முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். பாடநூலில் மட்டும் காணும் விதிகள் நடைமுறையில் எவ்வாறு பயன்படுகின்றன என்பதை மாணவர்க்குக் காட்ட விரும்பும் ஆசிரியர்களுக்கும் இப்பொருள் ஏற்றதாகும்.

கண்ணாடி தெளிவது எவ்வாறு?

காற்று எவ்வளவு வெப்பமாக உள்ளதோ அவ்வளவுக்கு மிகுதியான நீராவியை அது தாங்கவல்லது. 5 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 7 கிராம் நீராவியை மட்டுமே தாங்கும். 35 டிகிரியில் ஏறத்தாழ 40 கிராம் வரை தாங்கும். ஆகவே வெளியிலுள்ள குளிர்ந்த காற்றை, அது ஈரம் நிறைந்ததாக இருப்பினும், உள்ளே இழுத்துச் சூடாக்கினால் அது வறண்ட காற்றாக நடந்துகொள்கிறது. 5 டிகிரியில் ஈரம் நிறைந்திருந்த காற்றை 35 டிகிரிக்கு உயர்த்தினால், அதன் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். இத்தகைய காற்று கண்ணாடியின்மீது தொடர்ந்து பாயும்போது, படிந்த ஈரத்தை உறிஞ்சுவதோடு கண்ணாடியையும் சூடாக்கி, மீண்டும் ஈரம் படியாமற் காக்கிறது.

வெப்பம் மட்டும் இருந்து காற்றோட்டம் இல்லையெனில் இப்பயன் கிட்டாது. மேலும், லேயைப் போன்ற ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரமுள்ள இடங்களில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதைப் போல் 70 விழுக்காடு அளவே இருக்கும். விசிறி அதே வேகத்தில் சுழன்றாலும், அது தள்ளும் காற்றின் எடை அங்கே குறைவு. ஆதலின் உயர்ந்த மலைப்பகுதிகளில் விசிறி தன் முழுத் திறனுடன் இயங்குவது மேலும் இன்றியமையாததாகிறது.

உறுப்புகளின் அமைப்பு

நீரால் குளிர்விக்கப்படும் எஞ்சினிலிருந்து வரும் சுடுநீரின் ஒரு பகுதி, டாஷ்போர்டின் அடியிலுள்ள ஒரு சிறு ரேடியேட்டர் வழியே செல்கிறது. ஊதுவிசிறி காற்றை அதன் ஊடே செலுத்துகிறது. குளிர்சாதனம் உள்ள கார்களில் அதற்கும் பெரும்பாலும் இவ்விசிறியே பயன்படுகிறது. ஆகவே நம் நாட்டில் இது ஆண்டு முழுவதும் உழைக்கும் விசிறி எனலாம்.

விசிறியைச் சுழற்றுவது நிலைக்காந்தமும் கார்பன் பிரஷ்களும் உடைய 12 வோல்ட் நேர்மின்னோட்ட மோட்டார். அதற்குரிய மின்னோட்டம் பாட்டரியிலிருந்து புறப்பட்டு, பியூஸ், வேகச் சுவிட்ச், மின்தடைச் சுருள்கள் ஆகியவற்றைக் கடந்து மோட்டாரை அடைந்து, காரின் உலோக உடல் வழியாக, அதாவது எர்த் வழியாக, பாட்டரிக்குத் திரும்புகிறது. சில கார்களில் சுவிட்சும் சுருள்களும் மோட்டாருக்கு முன்னர் அமைந்திருக்கும். வேறு சிலவற்றில் மோட்டாருக்குப் பின்னர், எர்த் பக்கத்தில் அமைந்திருக்கும். விதி இரண்டிற்கும் ஒன்றே. எனினும் அளவெடுக்கத் தொடங்குமுன் இவற்றுள் எவ்வமைப்பு எனத் தெரிந்துகொள்வது நலம்.

பணிமனையில் 'ரெசிஸ்டர்' என வழங்கும் உறுப்பில், வெப்பத்தைத் தாங்கும் உலோகக் கலவைக் கம்பியாலான இரண்டு அல்லது மூன்று சுருள்கள் ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கப்பட்டிருக்கும். இது விசிறிக்கு அருகே காற்றுக் குழாயின் சுவரில் பொருத்தப்பட்டு, சுருள்கள் குழாயின் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். விசிறி தள்ளும் காற்றே சுருள்களைக் குளிர்விக்கிறது என்பதை இங்கே நினைவிற் கொள்ள வேண்டும். இக்கட்டுரையின் மையப்பொருள் இதனின்றே பிறக்கிறது. பல ரெசிஸ்டர்களில் வெப்ப உருகி ஒன்றும் இருக்கும். மின்னோட்டத்தின் அளவை மட்டும் நோக்கும் சாதாரண பியூஸைப் போலன்றி, இது சூழ்ந்துள்ள வெப்பநிலை குறிப்பிட்ட எல்லையைக் கடந்தால் உருகிச் சுற்றை அறுத்துவிடும்.

வெப்பநிலையைத் தானே கட்டுப்படுத்தும் அமைப்புள்ள பிற்காலக் கார்களில் சுருள்களுக்குப் பதிலாக டிரான்சிஸ்டர் கொண்ட மின்னணுக் கட்டுப்பாடு உண்டு. அவை இக்கட்டுரையில் கொள்ளப்படவில்லை.

நான்கு வேகங்கள் பிறக்கும் விதம்

1827ஆம் ஆண்டில் ஜார்ஜ் சைமன் ஓம் வெளியிட்ட விதியின்படி, ஒரு தடையின் இரு முனைகளுக்கிடையே குறையும் மின்னழுத்தம், அதில் ஓடும் மின்னோட்டத்தைத் தடையால் பெருக்கிய தொகைக்குச் சமம். 1841ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல் வெளியிட்ட விதியின்படி, தடையில் ஒவ்வொரு விநாடியும் தோன்றும் வெப்பம், மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கிய தொகைக்குச் சமம். மின்னோட்டம் இருமடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும் என்பது இதன் பொருள்.

விளக்கத்திற்காக ஓர் அமைப்பைக் கொள்வோம். எண்கள் கார்தோறும் மாறுபடும். ஆயினும் அவற்றின் போக்கு மாறாது. எஞ்சின் ஓடும்போது மின்னழுத்தம் 13.5 வோல்ட் என்க. அ, ஆ, இ என்னும் மூன்று சுருள்களின் தடைகள் முறையே 1.0, 0.6, 0.4 ஓம் என்க. இவற்றுள் இ மோட்டாரை அடுத்துள்ளது. சுவிட்ச் முதல் நிலையில் இருக்கும்போது மின்னோட்டம் மூன்று சுருள்களையும் கடக்கிறது. இரண்டாம் நிலையில் ஆ, இ ஆகிய இரண்டையும். மூன்றாம் நிலையில் இ ஒன்றை மட்டும். நான்காம் நிலையில் எதனையும் கடவாது நேரே மோட்டாருக்குச் செல்கிறது. கம்பிகளின் சிறு தடையை நீக்கிக் கணக்கிட்டால் பின்வரும் அளவுகள் கிடைக்கும்.

நிலை 1: தடை 2.0 ஓம், மின்னோட்டம் 4 ஆம்பியர், சுருள்களில் குறைவது 8 வோல்ட், மோட்டாருக்கு எஞ்சுவது 5.5 வோல்ட், சுருள்களில் வெப்பம் 32 வாட்.

நிலை 2: தடை 1.0 ஓம், மின்னோட்டம் 6 ஆம்பியர், சுருள்களில் குறைவது 6 வோல்ட், மோட்டாருக்கு எஞ்சுவது 7.5 வோல்ட், சுருள்களில் வெப்பம் 36 வாட்.

நிலை 3: தடை 0.4 ஓம், மின்னோட்டம் 10 ஆம்பியர், சுருளில் குறைவது 4 வோல்ட், மோட்டாருக்கு எஞ்சுவது 9.5 வோல்ட், சுருளில் வெப்பம் 40 வாட்.

நிலை 4: தடை இல்லை, மின்னோட்டம் 15 ஆம்பியர், மோட்டாருக்கு 13.5 வோல்ட் முழுவதும் கிடைக்கிறது.

இவ்வட்டவணையிலிருந்து ஓர் உண்மை புலனாகிறது. விசிறி மெதுவாகச் சுழலும்போது மின்னாற்றல் சேமிக்கப்படுவதாகப் பலர் எண்ணுவர். உண்மையில் முதல் நிலையில் பாட்டரி அளிக்கும் 54 வாட்டில் 32 வாட் சுருள்களிலேயே வெப்பமாகி விடுகிறது. மோட்டாருக்குச் செல்வது 22 வாட் மட்டுமே. சுருள்கள் எக்காலத்தும் சூடாகவே உழைக்கின்றன. காற்றோட்டமே அவற்றின் உயிர்.

எரிந்த சுருளுக்குப் பின்னுள்ள காரணம்

சுழலும் மோட்டார் ஒரு சாதாரணத் தடை அன்று. அது சுழலும்போதே தனக்குள் ஓர் எதிர் மின்னழுத்தத்தைப் பிறப்பித்து, மின்னோட்டத்தை மட்டுப்படுத்திக்கொள்கிறது. சுழற்சி தளர்ந்தால் இவ்வெதிர் அழுத்தம் குறையும், மின்னோட்டம் கூடும். தாங்கிகளில் எண்ணெய் வறண்டு தூசி சேர்ந்த பழைய மோட்டாரில் நிகழ்வது இதுவே.

மேற்கூறிய மோட்டாரின் உட்தடை 0.3 ஓம் எனவும், அது முற்றிலும் இறுகி நின்றுவிட்டது எனவும் கொள்வோம். முதல் நிலையில் மொத்தத் தடை 2.3 ஓம், மின்னோட்டம் ஏறத்தாழ 5.9 ஆம்பியர், சுருள்களில் தோன்றும் வெப்பம் ஏறத்தாழ 69 வாட். வழக்கமான வெப்பத்தைப் போல் இருமடங்குக்கும் மேலாயிற்று. அதே வேளையில் குளிர்விக்கும் காற்றும் நின்றுவிட்டது. மூன்றாம் நிலையிலோ மின்னோட்டம் ஏறத்தாழ 19 ஆம்பியராக உயர்ந்து, இ என்னும் ஒரே சுருளில் ஏறத்தாழ 150 வாட் வெப்பம் தோன்றும்.

இனி பியூஸை நோக்குக. இத்தகைய சுற்றில் 25 ஆம்பியர் பியூஸ் இருப்பதாகக் கொள்வோம். நான்காம் நிலையில் மோட்டார் நின்றால் 45 ஆம்பியர் ஓடும். பியூஸ் எரிந்து சுற்றைக் காக்கும். முதல் நிலையில் ஓடுவதோ 5.9 ஆம்பியர் மட்டுமே. மூன்றாம் நிலையில் 19 ஆம்பியர். இவற்றை மிகை மின்னோட்டமாகப் பியூஸ் கருதாது. சுருள் செந்தணலாகச் சிவந்தாலும் பியூஸ் வாளாவிருக்கும். சிறு வேகங்களில் காரைத் தீயிலிருந்து காப்பது வெப்ப உருகி ஒன்றே. அது உருகிப்போயிருந்தால், அது பழுதான உறுப்பு அன்று. தன் கடமையைச் செய்து முடித்த உறுப்பு ஆகும். அதனைக் கண்டவுடன் எழ வேண்டிய கேள்வி, வெப்பம் ஏன் மிகுந்தது என்பதே.

இதற்குரிய காரணங்கள் பெரும்பாலும் மூன்றில் அடங்கும். முதலாவது, மேலே விளக்கிய இறுகிய மோட்டார். இரண்டாவது, காற்று வழி அடைபடுதல். முன் கண்ணாடிக்குக் கீழுள்ள காற்று வாயில் வழியே இலைச்சருகும் தூசியும் சேர்வதுண்டு. நெடுநாள் நிறுத்திவைத்த காரில் எலி கூடு கட்டுவதும் உண்டு. காற்று வடிகட்டி உள்ள கார்களில் அது அடைபட்டிருக்கலாம். இந்நிலையில் விசிறி தள்ளும் காற்று குறைவதால் மோட்டாரின் பளுவும் மின்னோட்டமும் சற்றுக் குறையவே செய்யும். ஆயினும் சுருள்களைக் குளிர்விக்கும் காற்று அதனினும் மிகுதியாகக் குறைவதால் அவை அளவு கடந்து சூடாகின்றன. ஆகவே மின்னோட்டம் குறைவாக இருப்பது மட்டுமே நலத்திற்கு அறிகுறி ஆகாது. மூன்றாவது, தளர்ந்த அல்லது பாசி பிடித்த மின் இணைப்பு. ஒரு பிளக் முனையில் 0.1 ஓம் தடை தோன்றினால், 15 ஆம்பியர் ஓடும்போது அங்கே 22.5 வாட் வெப்பம் உண்டாகும். விரல் நுனியளவுள்ள பிளாஸ்டிக் உறை பழுத்து உருகுவதற்கு இது போதுமானது.

அறிகுறிகளிலிருந்து பழுதை உய்த்துணர்தல்

கருவியைக் கையில் எடுக்குமுன், நான்கு நிலைகளிலும் விசிறியை இயக்கி, எவை ஓடுகின்றன, எவை ஓடவில்லை என்று குறித்துக்கொள்ள வேண்டும். சுருள்கள் தொடராக இணைந்திருப்பதால், இக்குறிப்பே பழுதின் இடத்தைப் பெரும்பாலும் சுட்டிவிடும்.

1. நான்காம் நிலை மட்டும் ஓடி, ஏனைய மூன்றும் ஓடாவிடின், அம்மூன்றிற்கும் பொதுவான பாதை அறுந்துள்ளது. வெப்ப உருகி, சுருள் இ, ரெசிஸ்டரின் பிளக் ஆகியவற்றை நோக்குக.

2. முதல் நிலை மட்டும் ஓடாவிடின், சுருள் அ அல்லது சுவிட்சின் முதல் முனை பழுதாகும்.

3. முதல் இரு நிலைகளும் ஓடாவிடின், சுருள் ஆ அறுந்திருத்தல் கூடும்.

4. இரண்டாம் நிலை மட்டும் ஓடாது, முதல் நிலை ஓடுமாயின், சுருள்களில் குறையில்லை. முதல் நிலையின் மின்னோட்டம் எல்லாச் சுருள்களையும் கடந்தே வருகிறதன்றோ? ஆகவே பழுது சுவிட்சின் இரண்டாம் முனையிலோ அதிலிருந்து செல்லும் கம்பியிலோ இருக்க வேண்டும். இந்நிலையில் ரெசிஸ்டரை மாற்றுவது வீண் செலவு.

5. நான்காம் நிலை மட்டும் ஓடாவிடின், சுவிட்சின் அம்முனையையும், ரிலே இருப்பின் அதனையும் சோதிக்க வேண்டும்.

6. எந்நிலையிலும் ஓடாவிடின், பியூஸ், எர்த் இணைப்பு, மோட்டார் என்னும் வரிசையில் நோக்குக.

7. எல்லா வேகங்களும் ஒருங்கே வந்தும் போயும் இருப்பின், அவை அனைத்திற்கும் பொதுவான உறுப்புகளில் குறை உள்ளது. மோட்டாரின் உறையை மெல்லத் தட்டியவுடன் விசிறி ஓடத் தொடங்கினால் கார்பன் பிரஷ்கள் தேய்ந்துவிட்டன எனக் கொள்ளலாம். பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது மட்டும் விசிறி விட்டுவிட்டு ஓடினால் தளர்ந்த பிளக்கையோ எர்த் இணைப்பையோ ஐயுறுக.

அளவெடுத்து உறுதி செய்தல்

உய்த்துணர்ந்ததை அளவெடுத்து உறுதி செய்த பின்னரே உறுப்பை வாங்க வேண்டும். இதற்கு முறையான வரிசை பின்வருமாறு.

முதற்கண், எஞ்சின் நிற்கும்போது பாட்டரியின் மின்னழுத்தத்தை அளக்க. நிறைந்த பாட்டரியில் ஏறத்தாழ 12.6 வோல்ட் இருக்கும். எஞ்சின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிட்டுச் சோதிக்கலாகாது. குளிர்ப்பகுதிகளில் கதவை அடைத்துக்கொண்டு பழுதுபார்க்கும் வழக்கம் உண்டு. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது, உயிரைப் போக்கவல்லது.

இரண்டாவதாக, விசிறியை நான்காம் நிலையில் ஓடவிட்டு, மோட்டாரின் இரு முனைகளுக்கிடையே மின்னழுத்தத்தை அளக்க. சுவிட்ச் எப்பக்கத்தில் அமைந்திருப்பினும் இவ்வளவு பொருந்தும். பாட்டரியின் அழுத்தத்தைவிட இது ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்திருந்தால், பாதையில் எங்கோ ஓர் இணைப்பு மின்னாற்றலை விழுங்குகிறது. அதனைக் காண, பிளக், சுவிட்ச், பியூஸ் பிடி, எர்த் முனை ஆகிய ஒவ்வொன்றின் இருபுறத்தும் கருவியின் முனைகளை வைத்து அழுத்தக் குறைவை அளக்க. எது மிகுதியாகக் காட்டுகிறதோ அதுவே குற்றவாளி. மின்னோட்டம் இல்லாதபோது தடையை மட்டும் அளந்து இதனைக் கண்டறிய இயலாது. ஏனெனில் 0.1 ஓம் என்பது மல்ட்டிமீட்டரின் கம்பிகளின் தடையிலேயே மறைந்துபோகும். மின்னோட்டம் ஓடும்போது அதே 0.1 ஓம் 1.5 வோல்ட் குறைவாகத் தெளிவாக வெளிப்படும்.

மூன்றாவதாக, பாட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டு, ரெசிஸ்டரை வெளியே எடுத்துச் சுருள்களை நோக்குக. அறுந்த சுருளும் கருகிய பலகையும் கண்ணுக்கே புலப்படும். தடைகளை அளக்கும்போது, முதலில் கருவியின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொடவைத்துக் காணும் அளவைக் கழித்துக்கொள்ள வேண்டும். விசிறி நின்றவுடன் சுருள்களைத் தொட்டால் கை பொசுங்கும். ஆறிய பின்னரே கழற்றுக. காற்றுப்பை உள்ள கார்களில் டாஷ்போர்டின் அடியில் கைவைக்குமுன், பாட்டரியைக் கழற்றித் தயாரிப்பாளர் கூறும் நேரம் காத்திருத்தல் வேண்டும்.

நான்காவதாக, மோட்டாரைச் சோதிக்க. மின்சாரம் இல்லாதபோது விசிறியைக் கையால் சுழற்றினால் அது தடையின்றிச் சுழன்று, விட்டபின்னும் சிறிது ஓடி நிற்க வேண்டும். இறுக்கமோ உரசலோ இருத்தல் கூடாது. குளிர்ந்த காலை வேளையில் கீச்சென ஒலித்துச் சூடானபின் அமைதியடையும் மோட்டாரில் தாங்கி வறண்டுள்ளது என அறியலாம்.

ஐந்தாவதாக, மோட்டாரின் மின்னோட்டத்தை அளக்க வேண்டும். இதற்கு அம்மீட்டர் இல்லையே என வருந்த வேண்டுவதில்லை. ரெசிஸ்டரே அளவுகோலாக உதவும். முதல் நிலையில் சுருள்களின் இரு முனைகளுக்கிடையே உள்ள அழுத்தக் குறைவை அளந்து, முன்னர் அளந்த தடையால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும். நமது எடுத்துக்காட்டில் 8 வோல்ட்டை 2 ஓமால் வகுக்க 4 ஆம்பியர். அதே இடத்தில் 10 வோல்ட் காட்டினால் மின்னோட்டம் 5 ஆம்பியர். வெப்பமோ 32 வாட்டிலிருந்து 50 வாட்டாக உயர்ந்துவிட்டது. புதிய ரெசிஸ்டரும் விரைவில் எரியும் என இப்போதே கூறிவிடலாம். ஒப்பிடுதற்குரிய சரியான அளவைத் தயாரிப்பாளரின் கையேட்டிலிருந்தோ, அதே வகையைச் சேர்ந்த நல்ல நிலையிலுள்ள மற்றொரு காரிலிருந்தோ பெறலாம்.

சீர்செய்யும் முறை

காரணத்தை முதலில் நீக்கி, எரிந்த உறுப்பைப் பின்னர் மாற்றுவதே முறை. காற்று வாயிலையும் வடிகட்டியையும் தூய்மை செய்க. மோட்டாரைக் கழற்றித் தூசியை நீக்கி, தாங்கிகளில் மெல்லிய எண்ணெய் ஓரிரு சொட்டு விடலாம். எண்ணெய் பிரஷ்களின்மீதோ அவை உரசும் செம்பு வளையத்தின்மீதோ படலாகாது. பிரஷ்கள் தேய்ந்திருப்பின், கிடைக்குமாயின் மாற்றலாம். தாங்கி ஆட்டம் கண்டிருப்பின் மோட்டாரையே மாற்றுவது சிக்கனம்.

பிளக்கின் உறை பழுத்தோ உருகியோ இருந்தால், புதிய ரெசிஸ்டரை அதே பிளக்கில் செருகுவது பயனற்றது. வெப்பத்தால் தளர்ந்த உலோக முனை புதிய முனையையும் கெடுக்கும். பிளக்கை மாற்றி, கருகிய கம்பியை நல்ல பகுதி வரை வெட்டி நீக்கி, அதே பருமனுள்ள புதிய கம்பியை இணைக்க வேண்டும். வெப்ப உருகியை மட்டும் தனியே மாற்றுவதாயின், அதே வெப்பநிலைக்கு உரியதையே இடுக. பற்றாசு வைத்து ஒட்டும்போது அவ்வெப்பமே புதிய உருகியை உருக்கிவிடக்கூடும். ஆகவே குழல் முனையிட்டு நெரித்து இணைப்பது நன்று. பற்றாசு வைத்தே தீரவேண்டுமாயின், உருகிக்கும் பற்றாசு இடத்திற்கும் நடுவே கம்பியைக் குறடால் பற்றி வெப்பத்தை ஈர்த்துவிடுக.

வேலை முடிந்தபின் நான்கு நிலைகளிலும் மோட்டார் முனை மின்னழுத்தத்தை மீண்டும் அளந்து, வாகனப் பதிவேட்டில் நாளுடன் எழுதி வைக்க வேண்டும். அடுத்த முறை ஐயம் எழும்போது இவ்வெண்களே முதற்சான்றாகும்.

செய்யத் தகாதவை நான்கு. வெப்ப உருகிக்குப் பதிலாக வெறுங்கம்பியை இணைத்தல் கூடாது. மோட்டார் நின்ற ஒரு நாளில் அது தீயை வரவழைக்கும். பியூஸ் அடிக்கடி எரிகிறதென்று மேலும் பெரிய பியூஸை இடலாகாது. அப்போது கம்பியே பியூஸாக மாறும். ரெசிஸ்டரைக் காற்றுக் குழாய்க்கு வெளியே தொங்கவிடலாகாது. காற்றின்றி அது சுட்டெரியும். மல்ட்டிமீட்டரின் 10 ஆம்பியர் துளையை முழு வேகச் சுற்றில் தொடராக இணைக்கலாகாது.

வழியிடையே சிறு வேகங்கள் அற்றுப்போனால், முழு வேகத்தில் விசிறியை ஓட்டிக்கொண்டு பணிமனையை அடையலாம். அப்போது சுருள்களில் மின்னோட்டம் இல்லை. ஆனால் எரிந்த நாற்றமோ புகையோ தோன்றினால், உடனே விசிறியை நிறுத்திவிட்டுக் காரை ஓரமாக நிறுத்துவதே அறிவுடைமை. கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டே மலைச்சாலையில் செலுத்த முற்படலாகாது.

வகுப்பறைச் செய்முறை

ஒரு 12 வோல்ட் பாட்டரி, பழைய காரிலிருந்து கழற்றிய சிறு பிரஷ் மோட்டார், கார்த் திசைகாட்டி விளக்கில் பயன்படும் 12 வோல்ட் 21 வாட் பல்பு, ஒரு பியூஸ் ஆகியவற்றைத் தொடராக இணைக்க. கணிப்பொறியில் உள்ள விசிறி பிரஷ் இல்லாத வகையாதலின் இதற்கு ஏற்றதன்று. மோட்டார் பளுவின்றிச் சுழலும்போது பல்பு மங்கலாக எரியும். சிலபோது ஒளியே தோன்றாது. விசிறி இலைகளைக் கழற்றிவிட்டு, மோட்டாரின் அச்சைத் தடித்த துணியால் மெல்லப் பற்றித் தளரச் செய்தால் பல்பின் ஒளி கூடும். அச்சு நின்றவுடன் பல்பு பளிச்சென எரியும். ரெசிஸ்டர் சுருளின் இடத்தைப் பல்பு பெற்றுள்ளது என மாணவர்க்கு விளக்கிவிட்டு, மோட்டார் நின்ற காரில் சுருளுக்கு என்ன நேரும் என அவர்களையே கூறச் செய்க. எதிர் மின்னழுத்தம் என்னும் கருத்தைக் கரும்பலகையில் எழுதுவதைவிட இது விரைவில் மனத்திற் பதியும்.

பயிற்சி வினாக்கள்

1. ஒரு காரில் மூன்றாம், நான்காம் வேகங்கள் மட்டுமே இயங்குகின்றன. எச்சுருளை முதலில் சோதிக்க வேண்டும்?

2. ஒரு பிளக் முனையின் தடை 0.08 ஓம். அதில் 12 ஆம்பியர் ஓடும்போது குறையும் மின்னழுத்தமும் தோன்றும் வெப்பமும் யாவை?

3. முதல் நிலையில் மின்னோட்டம் 4 ஆம்பியரிலிருந்து 5.2 ஆம்பியராக உயர்ந்தால் சுருள்களின் வெப்பம் எத்தனை விழுக்காடு கூடும்?

4. காற்று வடிகட்டி அடைபட்ட காரில் மோட்டாரின் மின்னோட்டம் குறைந்திருந்தும் வெப்ப உருகி உருகிவிட்டது. ஏன்?

விடைகள்: 1. சுருள் ஆ. 2. 0.96 வோல்ட், ஏறத்தாழ 11.5 வாட். 3. 69 விழுக்காடு. 4. மின்னோட்டம் குறைந்த அளவைவிடக் குளிர்விக்கும் காற்று மிகுதியாகக் குறைந்தமையால்.